வெண்ணெய் எங்க தம்பி?

‘கம்பெண்டியம்’ என்ற வார்த்தையை முதன்முதலில் கேட்டபோது, ஏதோ இருமல் மருந்து பேர் மாதிரிதான் இருந்தது எனக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு ஸ்பூன் குடிக்கிற டைப்!

பி.காம் மூன்றாவது வருஷம். ப்ராஜெக்ட் டாபிக் பிரிக்கிற நாள். கூட இருந்த பயல்கள் எல்லாம் முந்திக்கொண்டு ‘கஸ்டமர் சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ வகையறாவை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். (ஒரு பைக் ஷோரூம், நாற்பது கேள்வி, நாலு பை சார்ட். வேலை முடிஞ்சுது!) ரயில் லேட் ஆனதால் கடைசியாகப் போய் நின்றது நான்தான்.

“நீ ஊத்துக்குளிதான? வீட்ல என்ன பண்றாங்க?”

“அப்பா கட்டிங் மாஸ்டருங்க சார். அம்மாவும் பனியன் கம்பெனிதானுங்க.”

“அப்ப நல்லதாப் போச்சு. பின்னலாடைத் தொழில் பத்தி ஒரு கம்பெண்டியம் பண்ணிக் கொண்டா.”

“சரிங்க சார்.”

எங்கள் பக்கத்தில் புரிந்தாலும் ‘சரிங்க’, புரியாவிட்டாலும் ‘சரிங்க’. வெளியே வந்து ஃபிரெண்டைக் கேட்டேன். “எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துப் போடறதுடா மச்சி. நெட்ல இருக்கும், பிரிண்ட் எடு” என்றான். உலகத்தில் பாதி தப்பு இப்படி நல்ல மனசோடு சொல்லும் ஃபிரெண்டால்தான் நடக்கிறது.

ஒரு மாசம் ராப்பகலாக உழைத்தேன். அதாவது, என் கம்ப்யூட்டர் சென்டர் அண்ணன் உழைத்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திருப்பூர் வரலாறு, ஏற்றுமதிக் கணக்கு, சாயப்பட்டறை, பருத்தி விளையும் மாநிலங்கள், தையல் மெஷினைக் கண்டுபிடித்தது யார், ஜி.எஸ்.டி விவரம்... மொத்தம் 212 பக்கம். ஸ்பைரல் பைண்டிங், மேலே பிளாஸ்டிக் அட்டை. தூக்கினால் கை வலிக்கும். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

சார் வாங்கினார். கையில் ஒரு தடவை எடை பார்த்தார். அங்கங்கே புரட்டினார். அப்புறம் சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி.

“உங்க ஊர்ல எது ஃபேமஸ்?”

“வெண்ணெய்ங்க சார்.”

“நீ என்ன பண்ணியிருக்கேன்னா, பால் கேனை அப்படியே தூக்கிட்டு வந்து என் டேபிள் மேல வெச்சிருக்க. வெண்ணெய் எங்க தம்பி?”

ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்ற என் கிளாஸ் மொத்தமும் சிரித்தது. அன்றிலிருந்து ஃபேர்வெல் பார்ட்டி வரைக்கும் என் பேர் ‘வெண்ணெய்’தான். விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்!

சரி, கம்பெண்டியம் என்றால் என்னதான்? அவமானம் ஒரு நல்ல வாத்தியார். அன்றைக்கு சாயங்காலமே லைப்ரரிக்குப் போய் அகராதியை எடுத்தேன். லத்தீனில் இருந்து வந்த வார்த்தையாம். ‘சேர்த்து எடை போடுவது’ என்பது வேர். அந்த மொழியிலேயே அதற்குச் சிக்கனம், குறுக்கு வழி என்றும் அர்த்தம் உண்டு. அதாவது, ஒரு விஷயத்தைப் பற்றிய முக்கியமானது எல்லாம் இருக்கணும். ஆனால் சுருக்கமாக இருக்கணும். ‘எல்லாம்’ என்பதையும் ‘சுருக்கம்’ என்பதையும் ஒரே பையில் போட்டுத் தைக்கிற வேலை. அகராதி வார்த்தைக்கு அர்த்தம் சொல்லும். கலைக்களஞ்சியம் உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பற்றிச் சொல்லும். கம்பெண்டியம் ஒரே ஒரு துறையை எடுத்துக்கொண்டு, அதை முழுசாக, கையடக்கமாகத் தரும். என்னுடைய 212 பக்கத்தில் முழுசும் இல்லை, அடக்கமும் இல்லை.

இதையெல்லாம் தமிழ் டிபார்ட்மென்ட் மேடம் ஒருவர் பக்கத்து டேபிளில் இருந்து கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். “என்னப்பா, இங்கிலீஷ் டிக்‌ஷனரியைப் பார்த்து முழிச்சிட்டிருக்க? அதுக்குத் தமிழ்ல ரெண்டாயிரம் வருஷப் பேர் இருக்கே. தொகை!” என்றார்.

எட்டுத்தொகை. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து, பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்துபோன அதே எட்டுத்தொகை. அதில் இருப்பது பாட்டு என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அதை ‘ஒருத்தர் உட்கார்ந்து தொகுத்தார்’ என்பது உறைத்ததே இல்லை. எத்தனையோ பேர் பாடிய பாட்டு ஊர் முழுக்க இறைந்து கிடந்திருக்கிறது. ஒருத்தர் எடுக்கிறார். எதை எடுப்பது, எதை விடுவது? அதற்கு ஒரு ரூல் வேண்டுமே!

அவர்கள் வைத்த ரூலைக் கேட்டால் அசந்துபோவீர்கள். அடிக்கணக்கு. நாலு அடியில் இருந்து எட்டு அடி வரை உள்ள அகப்பாட்டு குறுந்தொகைக்குப் போகும். ஒன்பதில் இருந்து பன்னிரண்டு அடி, நற்றிணை. பதிமூன்றில் இருந்து முப்பத்தொன்று வரை அகநானூறு. இன்ச் டேப் வைத்துப் பிரித்த மாதிரி இருக்கிறதா? எக்ஸெல், மீடியம், ஸ்மால் என்று பனியன் கம்பெனியில் சைஸ் பிரிக்கிற அதே வேலை! (குறுந்தொகையில் ஓரிரண்டு பாட்டு ஒன்பது அடிக்குப் போய்விட்டது. எந்தக் காலத்திலும் ‘டேமேஜ் பீஸ்’ இருக்கும் போல.)

அதைவிட ஆச்சரியம் அகநானூறு. அதில் பாட்டு நம்பரைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், 10 என்று முடிந்தால் நெய்தல். நானூறு பாட்டும் இந்த வரிசைதான். உருத்திரசன்மன் என்பவர் தொகுத்தார், பாண்டியன் உக்கிரப்பெருவழுதி தொகுப்பித்தார். தேடுகிறவன் கை சட்டென்று போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரணும் என்று யோசித்து அடுக்கிய ஒருத்தருடைய மூளை அது. என் 212 பக்கத்தில் ‘ஓவர்லாக்’ எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

மேடம் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். ஒரு நூலுக்கு இருக்கவேண்டிய பத்து அழகை நன்னூல் பட்டியல் போடுகிறது. முதல் அழகு சுருக்கமாகச் சொல்வது. ரெண்டாவது அழகு, அப்படிச் சுருக்கியதைப் புரியும்படி சொல்வது. கம்பெண்டியத்துக்கு இதைவிட நல்ல சிலபஸ் கிடையாது. எழுதிய பவணந்தி முனிவருக்கு எங்கள் ஊருக்குப் பக்கம், பெருந்துறையை ஒட்டி இருக்கிற சீனாபுரம்தான் சொந்த ஊர் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வேறு ஊரைச் சொல்கிறவர்களும் உண்டு. நான் ஊத்துக்குளிக்காரன், சீனாபுரம் கட்சி!

அப்புறம்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. ஊத்துக்குளி ஸ்டேஷனில் நின்றால் தண்டவாளம் மேற்கே திருப்பூருக்குப் போகும், கிழக்கே ஈரோட்டுக்குப் போகும். மேற்கே, திருப்பூரில் 1903-இல் பிறந்தவர் தி.சு. அவினாசிலிங்கம். ‘தி’ என்பதே திருப்பூர்தான். கிழக்கே, ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியை ஒட்டிய மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்தவர் பெ. தூரன். முன்னவர் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகம் ஆரம்பித்தார். பின்னவர் அதன் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியர். முதல் தொகுதி 1954-இல், ஒன்பதாவது 1963-இல், பத்தாவதாக இணைப்புத் தொகுதி 1968-இல். உடனே உட்கார்ந்து குழந்தைகளுக்கு என்று தனியாகப் பத்துத் தொகுதி. அது 1976 வரை போனது. இருபது வருஷத்துக்கு மேல்! நான் ஒரு மாசத்துக்கே கம்ப்யூட்டர் சென்டர் அண்ணனிடம் டீ வாங்கிக் குடித்துச் சலித்துக்கொண்டவன்.

தூரனுக்காவது ஒரு கழகம் இருந்தது, எழுதித்தர அறிஞர்கள் இருந்தார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் ஆ. சிங்காரவேலு முதலியார் என்று ஒரு தமிழ் வாத்தியார். தனி ஆளாக ‘அபிதான சிந்தாமணி’யைத் தொகுத்தார். புராணத்தில் வருகிற பேர்களில் ஆரம்பித்து, அரசர், புலவர், சாதி, நோய், மருந்து என்று விரிந்து ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. அச்சுப்போட ஆள் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் பாண்டித்துரைத் தேவரின் உதவியில் 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வழியாக வெளிவந்தது. அதோடு விட்டாரா? கடைசி வரைக்கும் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1931-இல் இறந்துபோனார். பெரிதாக்கிய இரண்டாம் பதிப்பு 1934-இல்தான் வந்தது. அவர் கண்ணால் பார்க்கவில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு என் 212 பக்கத்தை எடுத்து பரண் மேல் போட்டேன். (அம்மா அதன் பின்பக்கங்களில் பால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். வீணாகவில்லை.) புதுசாக ஒரு நாற்பது ரூபாய் நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் ஒரு கேள்வி: இது யாருக்கு?

இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. பனியன் கம்பெனிக்கு முதல் நாள் வேலைக்குப் போகிற ஒருத்தருக்கு. அவர் தேனியில் இருந்து வந்திருக்கலாம், ஒடிஷாவில் இருந்து வந்து தமிழ் படிக்கத் தெரிந்த ஒருத்தர் சொல்லக் கேட்கலாம், டிகிரி முடித்துவிட்டு ‘மெர்ச்சண்டைசர்’ என்று டை கட்டிப் போகிற என் கிளாஸ்மேட்டாகவும் இருக்கலாம். அவருக்குத் தையல் மெஷினைக் கண்டுபிடித்தவர் வேண்டாம். பருத்தி விளையும் மாநிலங்கள் வேண்டாம். ஏற்றுமதிக் கணக்கு வேண்டவே வேண்டாம், அடுத்த வருஷமே பழசாகிவிடும். ‘ஏம்ப்பா, அந்த ரிப்பை எடு’ என்று சூப்பர்வைசர் கத்தினால் எதை எடுப்பது என்று தெரியணும். அவ்வளவுதான். ஒரே கோட்டில் 150 பக்கம் காலி!

அடுத்தது எல்லை. குறுந்தொகை ரூலையே திருடிக்கொண்டேன். ஒரு வார்த்தைக்கு நாலு வரிக்குக் குறையக்கூடாது, எட்டு வரிக்கு மேல் போகக்கூடாது. எழுதிப் பார்த்தால்தான் தெரியும் அதன் கஷ்டம். உதாரணத்துக்கு ‘கவுண்ட்’. நெட்டில் ரெண்டு பக்கம் இருக்கும். நான் எழுதியது இது:

‘கவுண்ட்: நூல் எவ்வளவு மெல்லிசு என்று சொல்லும் எண். 840 கஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு 30 சிட்டம் நின்றால் அது 30-ஆம் கவுண்ட். 40 நின்றால் 40-ஆம் கவுண்ட். எண் ஏற ஏற நூல் மெலியும். எடை தெரியாமல் துணி கேட்கக்கூடாது. கவுண்ட் தெரியாமல் நூல் கேட்கக்கூடாது.’

கடைசி வரி அப்பா சொன்னது. அதைச் சேர்த்த பிறகுதான் அது புத்தகத்தில் இருந்து சுட்டது மாதிரி இல்லாமல், கம்பெனிக்குள் இருந்து வந்தது மாதிரி ஆனது.

மூன்றாவது, வரிசை. இங்கேதான் நன்றாக மாட்டிக்கொண்டேன். அகராதி என்றால் அகர வரிசை என்று கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினேன். முதல் வார்த்தை ‘அயர்னிங்’! நூலே வாங்கவில்லை, துணியே ஓட்டவில்லை, அதற்குள் இஸ்திரி! புதுசாக வருகிறவன் தலை சுற்றிப்போவான். நம்ம பழைய நிகண்டுக்காரர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தேன். திவாகரம் அகர வரிசையில் போகவில்லை. தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கு, மரம், இடம் என்று பொருள் வாரியாகப் பன்னிரண்டு தொகுதி. 1594-இல் ‘அகராதி நிகண்டு’ வந்த பிறகுதான் ‘அ’வில் ஆரம்பிக்கிற பழக்கம். 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ரெண்டுக்கும் காரணம் இருக்கிறது. மனப்பாடம் பண்ணுகிறவனுக்குப் பொருள் வரிசை; தேடுகிறவனுக்கு அகர வரிசை. ஆகவே நான் கம்பெனியில் துணி நடக்கிற வழியிலேயே நடந்தேன். நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், பிசிர் வெட்டு, செக்கிங், அயர்னிங், பேக்கிங். கடைசியில் ரெண்டு பக்கத்துக்கு அகர வரிசைப் பட்டியல். அதில் ‘அயர்னிங்’ முதலில் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

வார்த்தை எங்கே கிடைத்தது? சுவரில்! எங்கள் பக்கம் கரண்ட் கம்பத்தில் எல்லாம் நோட்டீஸ் இருக்கும். ‘ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லர், செக்கிங், ஹெல்பர் தேவை. தங்குமிடம் உண்டு.’ இதுதான் என் முதல் சோர்ஸ். ரொம்ப நாளாக எனக்கு ஒரு நம்பிக்கை. ஓவர்லாக் நல்ல லாக், ‘பேட்’லாக் கெட்ட லாக்! அது ஃபிளாட்லாக் என்று அப்பா சொன்னபோது எனக்கு வயசு பத்தொன்பது. ‘சிங்கர்’ பாடுகிறவர் இல்லை, ஒற்றை ஊசி மெஷின். கம்பெனி பேரே மெஷின் பேராகிவிட்டது. காலையில் நான் காலேஜுக்குக் கிழக்கே போகிற ரயிலுக்கு நிற்பேன். எதிர் பிளாட்ஃபாரத்தில் திருப்பூர் போகிற கூட்டம் டிபன் பாக்ஸோடு நிற்கும். பத்து நிமிஷம் முன்னாடி போய் அந்தப் பக்கம் நின்றால் நாலு வார்த்தை கிடைக்கும். ஆனால், ஒருத்தர் சொன்னதை மட்டும் வைத்து எழுதக்கூடாது. வேற வேற கம்பெனியில் வேலை செய்கிற ரெண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால்தான் நோட்டில் மையில் ஏறும். அதுவரைக்கும் பென்சில். இந்த ரூலால் ஒரு அண்ணன் எனக்கு அளந்துவிட்ட மூன்று வார்த்தைகள் பென்சிலிலேயே செத்துப்போயின. விளையாட்டுக்குச் சொன்னாராம்!

இன்னொரு பாடம், வருஷம் போடுவது. பழைய புத்தகம் ஒன்றில் ஊத்துக்குளியை ஈரோடு மாவட்டம் என்று போட்டிருந்தது. தப்பில்லை. 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிறக்கும் வரை நாங்கள் ஈரோடுதான். அதேபோல ‘சாயப்பட்டறை’ என்று எழுதினால், நொய்யலில் கழிவு கலந்ததையும், 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவால் அத்தனை பட்டறையும் மூடப்பட்டதையும், கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்று ஆனதையும் சொல்லாமல் இருக்கமுடியாது. வருஷம் இல்லாமல் எழுதினால் பத்து வருஷம் கழித்துப் படிக்கிறவன் குழம்புவான். பேர்க் குழப்பம் வேறு. நம்ம ஊத்துக்குளி ஒன்று. பொள்ளாச்சி பக்கத்தில் ஜமீன் ஊத்துக்குளி இன்னொன்று. என் 212 பக்கத்தில் அந்த ஊர் ஜமீனைத் தூக்கிக்கொண்டுவந்து எங்கள் கதித்தமலை அடிவாரத்தில் உட்கார வைத்திருந்தேன். நல்லவேளை, சார் அந்தப் பக்கம் வரை புரட்டவில்லை.

ரெண்டு மாசத்தில் 140 வார்த்தை சேர்ந்தது. அப்பாவுக்கு ஒரே குஷி. ‘கட்டிங்’ பகுதியை அவரே உட்கார்ந்து சொன்னார். துணியை எப்படி விரிப்பது, எத்தனை அடுக்கு, பேட்டர்ன் அட்டையை எப்படித் திருப்பி வைத்தால் வேஸ்ட் குறையும், கத்தி சூடானால் என்ன ஆகும்... எட்டு வரி ரூலை அப்பாவுக்காக மீறினேன். அது ஒன்றரைப் பக்கம் போனது. பூரிக்கோவே தொகுத்த குறுந்தொகையில் ஒன்பது அடி இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு வாரத்தில் கிடைக்கிற ஒரே பகல். மற்ற நாள் எல்லாம் ஒன்னரை ஷிப்ட், வீடு வந்து சேர ஒன்பது மணி ஆகிவிடும். அம்மா எட்டாவது வரைக்கும் படித்தவர். எழுத்துக்கூட்டி நிதானமாகப் படிப்பார். நோட்டைக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து, விரலை வைத்து வரிவரியாக நகர்த்திக்கொண்டு வந்தார். ‘கவுண்ட்’ பக்கத்தில் சிரித்தார். ‘பேட்லாக்’ பக்கத்தில் ரொம்பவே சிரித்தார். அப்புறம் விரல் ஒரு இடத்தில் நின்றுவிட்டது.

‘ஹெல்பர்: டெய்லருக்கும் மற்றவர்களுக்கும் உதவியாக இருப்பவர்.’

அவ்வளவுதான் எழுதியிருந்தேன். நாலு வரிக்குக் குறையக்கூடாது என்ற ரூலையும் மீறி, ஒரே வரி.

“இவ்ளோதானா கண்ணு?”

“ஏம்மா? ஏதாச்சும் தப்பா இருக்கா?”

“ஒண்ணுமில்ல சாமி.” நோட்டை மூடி வைத்துவிட்டு மாவாட்டப் போய்விட்டார்.

எனக்கு அது ராத்திரி வரைக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போது மறுபடி கேட்டேன். அம்மா தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான் ஹெல்பர் இல்ல. மொதல்ல கைமடி. ஏழு வருசம். அப்பறம் டேமேஜ். அதுக்கப்பறம் செக்கிங். இருவத்திரெண்டு வருசத்துல ஹெல்பர்னு ஒரு வேலையை நான் பாக்கவே இல்ல. அட்டையிலதான் ஹெல்பர்.”

“அட்டைலன்னா?”

அப்பா குறுக்கே புகுந்தார். “அது கம்பெனி வழக்கம்டா. சம்பள ஒப்பந்தத்துல ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு ரேட்டு போட்டிருக்கும். கட்டிங்குக்கு ஒண்ணு, டெய்லருக்கு ஒண்ணு, செக்கிங்குக்கு ஒண்ணு, கைமடிக்கு ஒண்ணு...”

“செக்கிங் பாத்தது மூணு வருசம். அட்டையில ஹெல்பர்னுதான் போட்டிருந்தாங்க. ஹெல்பர் சம்பளந்தான் குடுத்தாங்க” என்றார் அம்மா. தோசையைத் திருப்பிப் போட்டார். “அவங்க எழுதுனாங்க, சரி. நீயும் அப்படியே எழுதியிருக்க.”

அதற்கு அப்புறம் அந்தத் தோசை எனக்கு இறங்கவில்லை.

எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அம்மா அங்கிருந்து வந்து வருஷம் ஆகிவிட்டது. ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். வார்த்தைகளை எல்லாம் எங்கே எடுத்தேன்? கரண்ட் கம்பத்து நோட்டீஸில். அந்த நோட்டீஸை எழுதியது யார்? ஆள் எடுக்கிறவர்கள். அவர்களுக்கு அது ‘ஹெல்பர்’. ரெண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்தேன், சரிதான். அந்த ரெண்டு பேரும் பெரும்பாலும் யார்? பிளாட்ஃபாரத்தில் என்னோடு நின்று பேச நேரம் இருந்த அண்ணன்மார்கள். பெண்கள் டப்பாவை எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் இடம் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்க எனக்குக் கூச்சம். ரூல் கரெக்ட்டாகத்தான் இருந்தது. ஓட்டை நான் நின்ற இடத்தில்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன். “சொன்னாப் புரியாது” என்று கட்டில் மேல் இருந்த துண்டை எடுத்தார். டெய்லர் மெஷின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் என்று தலையணையை மெஷினாக வைத்தார். வெட்டின துண்டு ரெண்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து, உள்பக்கம் வெளிப்பக்கம் மாறாமல் பார்த்து, மடித்து, டெய்லர் கை நீளும் நேரத்துக்குச் சரியாக நீட்டணும். அந்தப் பக்கம் தைத்து விழுகிற பீஸ் எல்லாம் நூலில் சங்கிலி மாதிரி கோர்த்தபடியே வரும். அதை வெட்டிப் பிரித்து அடுக்கணும். டெய்லருக்கு பீஸ் ரேட். கைமடி ஒரு நொடி பிந்தினால் டெய்லருக்குக் காசு போச்சு. அந்தத் திட்டும் கைமடிக்குத்தான். துண்டை வைத்து நான் செய்து பார்த்தேன். நாலாவது மடிப்பிலேயே உள்பக்கம் வெளியே வந்துவிட்டது. “உன்னை வெச்சா டெய்லர் பட்டினிதான்” என்றார் அம்மா. அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாச்சு.

‘டேமேஜ்’ என்பதும் அப்படித்தான். ஓட்டை விழுந்த பீஸுக்குப் பேர் என்று எழுதியிருந்தேன். அது பாதிதான். அந்த பீஸைக் கண்டுபிடித்து, இது தேறும், இது தேறாது என்று பிரிக்கிறவருக்கும் அதே பேர்தான். ‘டேமேஜ் அக்கா வந்தாச்சா?’ என்று கேட்பார்களாம். தப்பைக் கண்டுபிடிக்கிறவருக்கு தப்பின் பேரையே வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் பூமிக்கு ஒரு வட்டார அகராதி போட்டார். பெருமாள்முருகன் 2000-இல் கொங்கு வட்டாரத்துக்கு ஒன்று போட்டார். ரெண்டையும் லைப்ரரியில் எடுத்து மறுபடி பார்த்தேன், இந்தத் தடவை வேற கண்ணோடு. அதில் இருக்கிற பல வார்த்தைகள் சமையல்கட்டிலும் களத்துமேட்டிலும் புழங்கியவை. வாசலில் நின்று கேட்டால் கிடைக்காது.

‘ஹெல்பர்’ என்ற வார்த்தையை நான் அடிக்கவில்லை. இப்படி மாற்றி எழுதினேன்:

‘ஹெல்பர்: கம்பெனி அட்டையில் போடும் பேர். இந்தப் பேரில் ஒரு தனி வேலை கிடையாது. கைமடி, டேமேஜ், பிசிர் வெட்டு, சில இடங்களில் செக்கிங் செய்கிறவர்களையும் இப்படியே எழுதுவார்கள். ஒப்பந்தத்தில் வேலைவாரியாகச் சம்பளம் வேறு வேறு. புதுசாகச் சேருகிறவர் தன் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, தான் என்ன வேலை பார்க்கிறோம் என்று ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவும்.’

ஆறே வரிதான். ரூலுக்குள் அடங்கிவிட்டது. ‘கைமடி’க்கு எட்டு வரி முழுசாக எடுத்துக்கொண்டேன். அப்பாவின் ஒன்றரைப் பக்கத்தை எட்டு வரியாக வெட்டினேன். கட்டிங் மாஸ்டரையே கட்டிங் செய்த முதல் ஆள் நான்தான். ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், “கத்தி சூடாகறதை மட்டும் விட்டுறாத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மொத்தம் 151 வார்த்தை, 46 பக்கம். சார் இந்தத் தடவை கையில் எடை பார்க்கவில்லை. நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார். “ஹெல்பர்னா இதானா? எனக்கே தெரியாதேப்பா” என்றார். மார்க் எவ்வளவு என்று கேட்கிறீர்களா? பைக் ஷோரூம்காரனைவிட ரெண்டு மார்க் கம்மி. பை சார்ட் இல்லையாம்!

முதல் பக்கத்தில் என்ன போடுவது என்று கொஞ்சம் யோசனை இருந்தது. பழைய தொகைகளுக்குத் தொகுத்தவர் ஒருத்தர், தொகுப்பித்தவர் ஒருத்தர் என்று ரெண்டு பேர் உண்டு. நற்றிணைக்கு தொகுப்பித்த பாண்டியன் பேர் இருக்கிறது, உட்கார்ந்து தொகுத்தவர் பேர் தொலைந்துபோனது. குறுந்தொகைக்குத் தலைகீழ். எதற்கு வம்பு என்று ரெண்டையும் போட்டேன். தொகுத்தவர் என்று என் பேர். தொகுப்பித்தவர் என்று அம்மா பேர்.

காலேஜில் கொடுத்தது போக ஒரு காப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா முதல் பக்கத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் அட்டையைத் துடைத்தார். அப்புறம் வழக்கம்போல விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக நகர்ந்தார். நூல் தாண்டியது, நிட்டிங் தாண்டியது, கட்டிங் வந்தது. அதைத் தாண்டித் தையலுக்குப் போனவர், திரும்பக் கட்டிங் பக்கத்துக்கே வந்தார்.

“அப்பா வெட்டிப் போடறாரு, சரி. அதை சைஸு சைஸா பிரிச்சு அடுக்கிக் கட்டறவங்க எங்க கண்ணு?”

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா டி.வி.யைப் பார்த்தார்.

‘அடுக்கிக் கட்டு.’ கடைசிப் பட்டியலில் அயர்னிங்குக்கும் முன்னால், முதல் வார்த்தையாக வந்திருக்க வேண்டியது.